காணாப் பொருளின் எடை

"கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் வீடுகளில் அடிக்கடி ஒலிக்கும் பழமொழி. ஊர் வம்புக்கும் உறவுச் சண்டைக்கும் சொல்லப்பட்ட இம்மொழி இன்றைய வானநூலுக்கும் பொருந்திவிட்டது விந்தையே. இரவில் அண்ணாந்து பார்த்தால் தெரியும் விண்மீன்களும், பெரிய தொலைநோக்கிகளுக்குத் தெரியும் கோடானுகோடி விண்மீன் மண்டலங்களும் சேர்ந்ததுதான் பேரண்டம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தோம். தீர விசாரித்தபோது, நாம் கண்டதெல்லாம் மிகச் சிறு பகுதியே என்பது புலனாயிற்று. மிச்சம் எங்கே? எதனால் ஆனது? கண்ணுக்குப் படாத ஒன்று இருக்கிறது என்று எப்படித் துணிந்து கூற முடிந்தது?

இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் பென்னலூரைத் தொட்டுச் செல்லும் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவில் நின்று பாருங்கள். தெரிவதெல்லாம் விளக்குகளே. காருக்கும் முன்னால் இரண்டு விளக்கு. பாரம் ஏற்றிய லாரிக்கும் இரண்டு விளக்கு. விளக்கை எண்ணி எடையைச் சொல்ல முடியுமா? தார்ப்பாய் போர்த்திய லாரிக்குள்ளே ஒரகடத்துக்குப் போகும் இரும்புத் தகட்டுச் சுருள்கள் இருக்கலாம்; வெறும் அட்டைப் பெட்டிகளும் இருக்கலாம். எடை மேடையில் ஏற்றினால் உண்மை வெளிப்பட்டுவிடும். ஏன், மேடை வரை போகவே வேண்டாம். சக்கரத்துக்கு மேலே பட்டை அழுந்தியிருப்பதையும், மேட்டில் வண்டி திணறுவதையும் பார்த்துச் சாலையோர டீக்கடைக்காரரே "நல்ல லோடு" என்று சொல்லிவிடுவார். தார்ப்பாய்க்குள் இருப்பதை அவர் கண்டதில்லை. ஆனால் அதன் எடை செய்யும் வேலையைக் கண்டிருக்கிறார்.

வானநூலார் செய்ததும் இதுதான். 1933ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்து நாட்டவரும் அமெரிக்காவில் பணியாற்றியவருமான ஃபிரிட்ஸ் சுவிக்கி என்பவர், 'கோமா' என்ற பெயருடைய விண்மீன் மண்டலக் கொத்து ஒன்றை ஆராய்ந்தார். அக்கொத்திலுள்ள மண்டலங்கள் ஒவ்வொன்றும் மிகுந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அவ்வளவு வேகமாக ஓடுபவை சிதறிப் போயிருக்க வேண்டும், போகவில்லை. அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் ஈர்ப்பு விசைக்கு, ஒளி தரும் விண்மீன்களின் எடை கொஞ்சமும் போதவில்லை. சுமார் 400 மடங்கு எடை குறைகிறது என்று சுவிக்கி கணக்கிட்டார். பிற்காலத்தில் தூரக் கணக்குகள் திருந்தியபோது இந்த எண் வெகுவாகக் குறைந்தது. ஆனால் பற்றாக்குறை தீரவில்லை. சுவிக்கி கரடுமுரடான பேச்சுடையவர். உடன் பணியாற்றியவர்களை ஏசுவதில் வல்லவர். அவர் சொன்னதை ஏறத்தாழ 40 ஆண்டுகள் எவரும் பெரிதாகப் பொருட்படுத்தாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த வழக்கை மறுபடி எழுப்பியவர் வேரா ரூபின் என்னும் அம்மையார். அவர் செய்ததைப் புரிந்துகொள்ள முதலில் நம் சூரிய குடும்பத்தை நினைவுகொள்வோம். சூரியனுக்கு அருகிலுள்ள புதன் நொடிக்குச் சுமார் 47 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. பூமியின் வேகம் 30 கி.மீ. கடைக்கோடியிலுள்ள நெப்டியூனோ 5 கி.மீ. சொச்சம்தான். எடை முழுவதும் நடுவில் குவிந்திருந்தால் தொலைவு கூடக்கூட வேகம் குறைய வேண்டும் என்பது விதி. ஆண்ட்ரோமிடா என்னும் மண்டலத்திலும் ஒளி நடுவில்தான் குவிந்திருக்கிறது. ஆகவே ஓரத்திலுள்ளவை மெல்ல ஊர்ந்திருக்க வேண்டும். ரூபினும் அவருடைய துணைவர் கென்ட் ஃபோர்டும் 1970இல் வெளியிட்ட அளவீடுகளில் அப்படி இல்லை. ஓரத்திலிருந்தவையும் ஏறத்தாழ உள்ளே இருந்தவற்றின் வேகத்திலேயே சுழன்றன. ஒரு மண்டலமல்ல, அடுத்தடுத்துப் பார்த்த மண்டலங்கள் எல்லாம் இதையே சொல்லின. ஒளி முடிந்த இடத்தில் எடை முடியவில்லை! கண்ணுக்குத் தெரியும் தட்டைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரும் பொதி இருந்தாக வேண்டும்.

இங்கே ஐயுறுவோர் கேட்கும் கேள்வி நியாயமானது: "பொருள் இருப்பதாக ஏன் கற்பிக்க வேண்டும்? ஈர்ப்பு விதியே தவறாக இருக்கலாம் அல்லவா?" 1983இல் மில்குரோம் என்ற இஸ்ரேல் நாட்டு அறிஞர் விதியைத் திருத்தியே பார்த்தார். வரலாறு இரு பக்கமும் சாட்சி சொல்கிறது. யுரேனஸ் கோள் கணக்குப்படி ஓடாததைக் கண்டு, அப்பால் இன்னொரு கோள் இருக்க வேண்டுமென்று பிரான்சு நாட்டு லெவெரியே சொன்னார். 1846இல் நெப்டியூன் அகப்பட்டது. அதே லெவெரியே புதனின் ஓட்டத்திலும் பிழை கண்டு, சூரியனுக்கு அருகே 'வல்கன்' என்றொரு கோள் உண்டென்றார். அப்படி ஒன்று அகப்படவே இல்லை. 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விதியைப் புதிதாக எழுதிய பிறகுதான் புதனின் கணக்கு நேராயிற்று. ஒரே மனிதர், ஒரே முறை. ஒன்றில் பொருள் இருந்தது, மற்றொன்றில் விதி மாறியது. எனினும் இன்று பல வழிகளில் திரண்டுள்ள சான்றுகளை ஒருங்கே பார்த்தால் பொருள் இருப்பதாகக் கொள்வதே பொருத்தம் என்பது பெரும்பாலோர் முடிவு. அக்கணக்குப்படி, பேரண்டத்தின் மொத்தத்தில் நாமும் மலையும் கடலும் விண்மீனும் சேர்ந்த சாதாரணப் பொருள் சுமார் 5 விழுக்காடு. காணாப் பொருள் 27 விழுக்காடு. எஞ்சிய 68 விழுக்காடு, பேரண்டத்தின் விரிவை முடுக்கிவிடும் வேறொன்று; 1998இல் தெரியவந்த அதனைத் தனிக் கட்டுரையில்தான் பேச வேண்டும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். இதனைத் தமிழில் 'கரும்பொருள்' என்றும் 'இருண்ட பொருள்' என்றும் எழுதுகிறார்கள். தமிழிலக்கிய மாணவர் 'கரும்பொருள்' என்பதைக் 'கருப்பொருள்' என்று படித்துவிட்டு, குறிஞ்சியின் முருகனையும் தினையையும் தேடிப் போக நேரிடும்! அதைவிடப் பெரிய இடர், இது கருமையானதே அன்று என்பது. கரி கறுப்பு, ஏனெனில் அது ஒளியை விழுங்குகிறது. இப்பொருளோ ஒளியை விழுங்குவதுமில்லை, உமிழ்வதுமில்லை, மறிப்பதுமில்லை. ஒளி அதனூடே புகுந்து போகிறது. எனவே 'காணாப் பொருள்' என்றே இக்கட்டுரையில் வழங்குகிறேன்.

ஒளி புகுந்து போகிறது என்றேன். ஆனால் நேராகப் போவதில்லை. எடை உள்ள இடத்தில் ஒளியின் பாதை வளையும். மார்கழி மாதத்து வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். சிக்குக்கோலம் போடுகிறவர் முதலில் புள்ளி வைக்கிறார். பிறகு இழையை எந்தப் புள்ளியையும் தொடாமல், ஒவ்வொன்றையும் சுற்றி வளைத்து இழுக்கிறார். கோலம் முடிந்ததும் புள்ளிகளை மட்டும் ஒருவர் அழித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கோலம் தெரிந்த பாட்டி ஒருவர், இழை வளைந்திருக்கும் வகையைப் பார்த்தே இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று விரல் வைத்துச் சொல்லிவிடுவார். தொலைதூர மண்டலங்களிலிருந்து வரும் ஒளி வழியில் எங்கெங்கே வளைந்தது என்பதைக் கொண்டு, காணாப் பொருள் எங்கெங்கே குவிந்துள்ளது என்று இன்று படமே வரைகிறார்கள். 2006இல் வெளியான அத்தகைய படம் ஒன்று பெரும் புகழ் பெற்றது. இரண்டு மண்டலக் கொத்துகள் மோதிக்கொண்ட இடம் அது. மோதலில் வாயுக்கள் பின்தங்கி நடுவே நின்றுவிட, எடையின் பெரும்பகுதி எதுவும் நடவாததுபோல் இருபுறமும் விலகிப் போயிருந்தது.

அந்தப் படத்தில் வாயு இளஞ்சிவப்பு. காணாப் பொருள் நீலம். நீலம் எங்கிருந்து வந்தது? காண முடியாததற்கு நிறம் ஏது? ஒருவர் அமர்ந்து, இது இந்த நிறத்தில் இருந்தால் மக்கள் மனத்தில் பதியும் என்று முடிவு செய்திருக்கிறார். கணக்கு அறிவியலுடையது, நீலம் கலையுடையது. எண்களாகவே விட்டிருந்தால் நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்போம்? 2009இல் வெனிஸ் நகரக் கலைக்காட்சியில் தோமாஸ் சரசேனோ என்ற அர்ஜென்டினக் கலைஞர் ஓர் அறை முழுவதும் கறுப்புக் கயிறுகளைச் சிலந்தி வலைபோல் கட்டி, மண்டலங்கள் இழை இழையாகத் திரளும் பேரண்டத்தைக் காட்டினார். காண்போர் அக்கயிறுகளுக்கு இடையே குனிந்து நுழைந்து போனார்கள்.

கலையும் அறிவியலும் கைகோக்கும் இடங்களில் தமிழர்க்கு மிக நெருக்கமான ஒன்று ஜெனீவாவில் இருக்கிறது. அணுத்துகள்களை மோதவிட்டு ஆராயும் செர்ன் நிலையத்தின் வளாகத்தில், 2004 ஜூன் 18 அன்று 2 மீட்டர் உயரமுள்ள நடராசர் திருமேனி திறந்துவைக்கப்பட்டது. இந்திய அரசு அளித்த பரிசு அது. காணாப் பொருளின் துகள் ஒருவேளை மோதலில் பிறக்குமா என்று தேடும் இடங்களுள் அந்நிலையமும் ஒன்று. தில்லைக் கூத்தன் அங்கே போய் நின்ற வழி சுவையானது. வழி அமைத்தவர் ஆனந்த குமாரசுவாமி.

கொழும்பில் 1877இல் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த குமாரசுவாமியைக் கலை அறிஞர் என்றே நாம் அறிவோம். அவர் இலண்டனில் படித்தது நிலவியல். இலங்கையின் கனிமங்களை அளந்தறியும் பணிக்குத் தலைமை தாங்கியவர். தோரியனைட் என்னும் கதிரியக்கக் கனிமத்தை உலகுக்குக் காட்டியவர். கண்ணுக்குத் தெரியாத கதிர்களை வீசும் கல்லைக் கையில் வைத்திருந்த அதே மனிதர்தாம், பின்னர் உடுக்கையில் படைப்பையும் தீயில் அழிப்பையும் தூக்கிய திருவடியில் அருளையும் மேனாட்டாருக்குப் படித்துக் காட்டினார். 'சிவநடனம்' பற்றிய அவரது கட்டுரை நூல்வடிவில் 1918இல் வந்தது. 1975இல் ஃபிரிட்ஜோஃப் காப்ரா என்னும் இயற்பியலர் துகள்களின் ஓயாத ஆட்டத்தையும் இந்த ஆட்டத்தையும் ஒப்பிட்டு எழுதினார். செர்ன் சிலையின் பீடத்துப் பலகையில் அவருடைய சொற்களே பொறிக்கப்பட்டுள்ளன.

சிதம்பரத்தில் நடராசர் மட்டும் இல்லை. பொன்னம்பலத்தில் அவருக்கு அருகே ஒரு திரை. திரையை விலக்கினால் உருவம் ஏதுமில்லை, பொன்னால் செய்த வில்வ மாலைகள் தொங்குகின்றன. ஐம்பூதத் தலங்களில் நமக்குப் பக்கத்திலுள்ள காஞ்சி நிலத்துக்கு, தில்லை வானத்துக்கு. உருவமில்லாததை எப்படிக் காட்டுவது என்ற கேள்விக்குக் கலை தந்த விடைகளில் இதைவிடத் துணிவானதை நான் அறியேன். மாலை மட்டும் தெரியும், மாலைக்குரியவர் தெரியமாட்டார்.

ஆனால் இங்கேதான் நாம் வழுக்கி விழுகிறோம். "காணாப் பொருளை அன்றே நம் முன்னோர் கண்டுவிட்டார்கள், சிதம்பர ரகசியம் என்பது அதுதான்" என்று மேடைதோறும் முழங்கக் கேட்கிறோம். நண்பர்களே, இதை நான் ஏற்பதற்கில்லை. காணாப் பொருள் என்பது ஒரு கருத்தன்று; ஒரு கணக்கின் பற்றாக்குறை. இவ்வளவு வேகம், இவ்வளவு தூரம், இவ்வளவு எடை குறைகிறது என்று எண்ணில் சொல்லப்பட்டது. அந்த எண் தில்லைத் திரைக்குப் பின்னால் இல்லை. இருந்ததாகத் தில்லையில் எவரும் சொன்னதுமில்லை. அங்கே சொல்லப்பட்டது வேறொன்று, தன்னளவில் பெரியது. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டும் சிறுத்துப் போகின்றன. இதனினும் வருத்தம் தருவது, இல்லாத பெருமையைச் சூட்டும் ஆரவாரத்தில் நம்மவர் உண்மையாகவே செய்தவற்றை மறந்துபோவது.

சுவாமிமலைச் சிற்பியை எடுத்துக்கொள்வோம். தென்னை ஓலை நறுக்கை மடித்து அளவு குறித்துக்கொண்டு, தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த கலவையில் முதலில் உருவத்தைச் செய்கிறார். அதன்மேல் காவிரி வண்டலைக் குழைத்துப் பூசுகிறார். காய்ந்ததும் மேலும் மண். பிறகு சூடேற்ற, மெழுகு உருகி வெளியே ஓடிவிடுகிறது. மண்ணுக்குள் இப்போது இருப்பது என்ன? ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒன்றுமில்லாததற்கு விரல் இருக்கிறது, நகம் இருக்கிறது, புன்சிரிப்பும் இருக்கிறது. உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறவிட்டு, மண்ணை உடைக்கும் வரை அதை எவரும் பார்க்க முடியாது. எவ்வளவு உலோகம் வேண்டுமென்பதை மட்டும் முன்கூட்டியே அறிவார். மெழுகு உருவத்தின் எடையைக் கொண்டு கணக்கிட்டு விடுகிறார். காணாத இடத்தை எடையால் அளப்பது இவருடைய அன்றாடத் தொழில். இவருக்குப் போய் நாம் துகள் இயற்பியலைக் கடன் கொடுக்க வேண்டுமா?

தங்கவயலின் ஆழத்தில்

காணாததைத் தேடிய அறிவியலில் தமிழர் கைபட்ட இடம் ஒன்று உண்டு. அது கோயிலன்று, சுரங்கம். இந்த நெடுஞ்சாலை போகும் திசையிலேயே, நம் மாநில எல்லைக்குச் சற்று அப்பால் இருக்கிறது கோலார் தங்கவயல். பெங்களூர்ப் பக்கத்து ஓசக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கென வகுக்கப்பட்ட புதிய விரைவுச் சாலையும் தங்கவயலை ஒட்டியே வருகிறது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே காலூன்றியபின், வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தமிழர்கள் போனார்கள். பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள். 3 கி.மீ.க்கும் மேலான ஆழம். பாறையின் வெப்பம் 60 பாகைக்கும் மேல். திடீரென வெடித்துச் சிதறும் பாறைச் சுவர். நுரையீரலில் படியும் கல்தூசி. தங்கம் வெளியே போயிற்று. தூசி உள்ளே தங்கிற்று.

அங்கே அறிஞர்கள் ஏன் போனார்கள்? வானிலிருந்து அண்டக்கதிர்கள் நம்மீது ஓயாமல் பொழிந்துகொண்டிருக்கின்றன. அவற்றால் பிறக்கும் மியூவான் என்னும் துகள் நம் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் நிமிடத்துக்கு ஒன்று வீதம் விழுகிறது. அரிதான ஒரு துகளின் மெல்லிய ஒலியைக் கேட்க வேண்டுமானால் இந்த இரைச்சலுக்குத் தப்ப வேண்டும். சந்தைக் கூச்சலில் கொலுசொலி கேட்குமா? தலைக்குமேல் ஓரிரண்டு கி.மீ. பாறை இருந்தால் இரைச்சல் அடங்கும். 1950களின் தொடக்கத்தில் ஹோமி பாபாவின் தூண்டுதலால் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி. வி. ஸ்ரீகண்டன் கருவியுடன் தங்கவயலில் இறங்கினார். ஆழம் கூடக்கூட மியூவான்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் மிக ஆழமான ஓரிடத்தில் வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒன்றுகூட வரவில்லை. எதுவும் அகப்படாததற்காக மகிழ்ந்த விஞ்ஞானிகள் இவர்களாகத்தான் இருப்பார்கள்! அமைதியான இடம் கிடைத்துவிட்டதன்றோ?

அங்கே அவர்கள் தேடியது நியூட்ரினோ. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டுமே, ஒரு சதுர சென்டிமீட்டரில் நொடிக்குச் சுமார் 6,500 கோடி வீதம் நம்முள் புகுந்து பூமியையும் துளைத்து அப்பால் போய்விடுகின்றன. ஏதேனும் ஒன்றோடு மோதுவது அரிதினும் அரிது. தங்கவயலில் தேடியது வளிமண்டலத்தில் அண்டக்கதிர்களால் பிறக்கும் நியூட்ரினோக்களை. அவர்கள் கையாண்ட உத்தி எளிமையானது. மேலிருந்து தப்பித்தவறி வரும் மியூவான் செங்குத்தாகவே வரும்; பக்கவாட்டில் வருவதானால் அது இன்னும் பன்மடங்கு பாறையைக் கடக்க வேண்டும், முடியாது. ஆகவே கிடைமட்டமாக ஒரு சுவடு தெரிந்தால், பூமியைத் துளைத்து வந்த நியூட்ரினோ அருகிலுள்ள பாறையில் மோதிப் பிறப்பித்த மியூவான்தான் அது. கருவிகளைச் சுவர்போல நிறுத்தி வைத்தார்கள். சுரங்கத்தின் சுமார் 2.3 கி.மீ. ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிஞர்கள் கூடி அமைத்த அக்கருவிகளில் 1965இல் அந்தக் கிடைமட்டச் சுவடு விழுந்தது. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ உலகில் முதன்முதல் அகப்பட்டது அப்போதுதான். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் வேறொரு குழுவினரும் அதே காலத்தில் கண்டனர். இரண்டு அறிக்கைகளும் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே வெளியாயின.

எம். ஜி. கே. மேனன், ஸ்ரீகண்டன், வி. எஸ். நரசிம்மம், ஜப்பானின் மியாகே, இங்கிலாந்தின் வொல்ஃபென்டேல் என்று நூல்களில் ஏறியவை அறிஞர்களின் பெயர்கள். அந்தக் குகைகள் தொழிலாளிகள் தங்கத்துக்காக வெட்டிய சுரங்கத்தில் இருந்தவை. அவர்கள் இறங்கிய அதே கூண்டில்தான் அறிவியலும் இறங்கிற்று. நியூட்ரினோவைத் தமிழர் கண்டுபிடித்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் ஊர்களிலிருந்து போனவர்களின் உழைப்பு அந்தச் சுவட்டுக்கு அடியில் இருக்கிறது. தில்லைத் திரைக்குப் பின்னால் நாம் இட்டுக் கட்டும் பெருமையைவிட இது எனக்கு மெய்யான பெருமையாகப் படுகிறது.

நியூட்ரினோவே காணாப் பொருளாக இருக்கலாமே என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். அதற்கு எடை உண்டென்பது 1998இல் ஜப்பானில் உறுதியாயிற்று. ஆனால் அந்த எடை மிகமிகக் குறைவு. வேகமோ மிகமிக அதிகம். அத்தகைய துகள் ஓரிடத்தில் குவிந்து விண்மீன் மண்டலங்களைத் திரட்ட இயலாது. ஆகவே காணாப் பொருளில் பெரும்பங்கு வேறேதோ ஒரு துகள். அது எவ்வளவு ஐதாகப் பரவியிருக்கிறது தெரியுமா? நம் பகுதியிலுள்ள அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டால், இந்தப் பூமிப் பந்து அடைக்கும் இடம் முழுவதிலும் சேர்த்து ஒரு கிலோகூடத் தேறாது! பேரண்டம் முழுவதும் அத்தனை விரிந்து கிடப்பதால்தான், சிறுகச் சிறுகச் சேர்ந்து, கண்ணுக்குத் தெரிவதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் ஆகிறது.

அதைப் பிடிக்கும் கருவிகளும் நிலத்தடியில்தான் இருக்கின்றன. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஹோம்ஸ்டேக் என்ற பழைய தங்கச் சுரங்கம். தங்கவயலுக்குச் சகோதரி எனலாம். தொழில் நின்றபின் அதனை ஆய்வுக்கூடமாக்கினார்கள். சுமார் 1.5 கி.மீ. ஆழத்தில் 10 டன் திரவ ஸெனான் நிறைந்த லக்ஸ்-செப்லின் என்னும் கருவி அங்கே காத்திருக்கிறது. தங்கவயலில் ஆய்வுகள் 1990களின் தொடக்கத்தில் நின்றன. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கமே மூடப்பட்டது. தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த இயந்திரங்கள் நின்றன. ஆழமெல்லாம் நீரில் மூழ்கியது. உலகமே வியந்த ஓர் ஆய்வுக்கூடத்தை நாம் இப்படித்தான் விட்டோம்.

அந்த இழப்பை ஈடுசெய்யத்தான் தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில், போடி மேற்கு மலைக்குள் சுமார் 2 கி.மீ. சுரங்கப்பாதை குடைந்து 50,000 டன் இரும்புக் கருவியொன்று அமைக்கத் திட்டமிட்டார்கள். காணாப் பொருள் தேடலுக்கும் அந்தக் குகையில் இடம் உண்டென்றார்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. ஊரில் எதிர்ப்புக் கிளம்பிற்று, வழக்குகள் நடந்தன, 2022இல் தமிழ்நாடு அரசு இத்திட்டத்தை ஏற்பதற்கில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. நியூட்ரினோ மனிதரைக் கொல்லும் என்ற அச்சத்துக்கு அறிவியலில் இடமில்லை. இதைப் படிக்கும் நொடியிலும் அவை உங்களுக்குள் கோடிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் வெடி வைத்தால் ஊற்றுக்கண் என்னவாகும், அருகிலுள்ள மதிகெட்டான் சோலையின் காட்டுயிர்கள் என்னவாகும் என்று கேட்டவர்களை அந்த வதந்தியோடு சேர்த்து ஒதுக்கிவிட முடியாது. ஆடு மேய்க்கும் மலையைக் கேட்கிறவர்கள், மேய்ப்பவரின் மொழியில் அமர்ந்து பேசியிருக்க வேண்டும். பாறைக்கு உள்ளே என்ன நடக்குமென்று விளக்கியதைவிட, பாறைக்கு வெளியே என்ன நடக்குமென்று விளக்கியது குறைவு என்பதே என் எண்ணம்.

இதற்கிடையில் சாகா அணு இயற்பியல் நிலையத்தார் ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் 2017இல் ஒரு சிறு ஆய்வுக்கூடம் திறந்து, காணாப் பொருள் தேடலை அங்கே நடத்தத் தொடங்கினர். தங்கவயலின் ஆழத்தில் இது நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

அமெரிக்கச் சுரங்கத்துக் கருவி 2022இலும் 2024இலும் தன் முடிவுகளை வெளியிட்டது. இரண்டு முறையும் காணாப் பொருளின் துகள் அகப்படவில்லை; அது எவ்வெவ்வகையாக இருக்க முடியாது என்ற பட்டியல்தான் நீண்டது. மண்ணுக்கடியில் இப்படி என்றால், மலையுச்சியில் வேறொரு முயற்சி. சிலி நாட்டில் கட்டப்பட்ட புதிய தொலைநோக்கி 2025 ஜூனில் தன் முதற் படங்களை வெளியிட்டது. தென்வானம் முழுவதையும் சில இரவுகளுக்கொரு முறை என்று பத்தாண்டு காலம் அது மீண்டும் மீண்டும் படமெடுக்கும். கோடிக்கணக்கான மண்டலங்களின் ஒளி எங்கெங்கே வளைகிறது என்று பார்த்து, அழிந்த புள்ளிகளை மீட்பதும் அதன் வேலைகளுள் ஒன்று. 2016இல் மறைந்த வேரா ரூபினின் பெயரை அந்நிலையத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள்.